வாத்தியாரம்மா கேட்ட சாமான்

"என் பொண்ணு இன்னையோட கூத்துக்கு வரமாட்டா" என்றார் தணிகாசலம். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

பூங்காவனம் கூத்து வாத்தியார். இவரைவிட வயதில் சின்னவள். கீற்றுக் கொட்டகையில் உட்கார்ந்து மத்தளத்தின் வாரை இறுக்கிக்கொண்டிருந்தாள்.

"வாங்கண்ணா. என்ன கோபம்?"

"பிளஸ் டூ படிக்கிறா. பரீட்சை வருது. பழைய காலத்து ராஜா பாட்டைப் பாடிக்கிட்டு நின்னா மார்க் யாரு போடுவாங்க? யாரும் போடமாட்டாங்க."

தணிகாசலத்துக்கு உரக்கடை. கேள்வியும் அவரே, பதிலும் அவரே. எதிரில் இருப்பவருக்கு வேலை வைக்காத நல்ல மனுஷன்.

"கூத்து பார்த்திருக்கீங்களாண்ணா?"

"சின்னப் பிள்ளையில. எங்கம்மா மடியில தூங்கினது ஞாபகம் இருக்கு. கூத்து ஞாபகம் இல்லை."

"சரி, கூட்டிட்டுப் போங்க. ஞாயித்துக்கிழமை ஆட்டத்துல அவதான் ராஜா. வேற ஆள் கிடையாது, ஆட்டத்தையே நிறுத்திடறேன். ஆனா எங்க சாமான் கொஞ்சம் உங்ககிட்ட இருக்கு. அதை வெச்சிட்டுப் போங்க."

தணிகாசலத்துக்கு ஒன்றும் புரியவில்லை.

"என்ன சாமான்? உங்க கொட்டகையில ஒரு குண்டூசி நான் தொட்டதில்லை. சும்மா வேஷம் போடாதீங்க."

பூங்காவனம் உள்ளங்கையை நீட்டினாள்.

"வேஷம். அது எங்களுது. வெச்சிடுங்க."

"இதென்னம்மா கூத்தா இருக்கு?"

"அதுவும்தான்."

"ஏற்கெனவே வீட்டுல இவ ஆடற ஆட்டத்துக்கெல்லாம் இவங்கம்மா பின்பாட்டு பாடறா. இதுல நீங்க வேற..."

"ஆட்டம் எங்களுது. பின்பாட்டு, ஆடறவங்களுக்குப் பின்னால நின்னு எங்க ஆளுங்க பாடறது. ரெண்டையும் வெச்சிடுங்க."

"என்னைக் கோமாளி ஆக்கப் பாக்கறீங்களா?"

அவள் கை நீண்டபடியே இருந்தது.

தணிகாசலம் சண்டைக்கென்று வீட்டிலிருந்தே தயார் பண்ணிக்கொண்டு வந்த பேச்சு. எதை எடுத்தாலும் அந்த அம்மாள் கையில் போய் விழும்போல இருந்தது. யோசித்து யோசித்து வியர்த்துப்போனார்.

கடைசியில் மெதுவாகச் சொன்னார்.

"எனக்குப் பயமா இருக்கு. மார்க் குறைஞ்சு போய், இவ எங்கயாவது போய்க் கஷ்டப்படுவாளோன்னு."

பூங்காவனம் கையை மடக்கிக்கொண்டாள்.

"அது உங்களுதுண்ணா. எடுத்துட்டுப் போங்க."

அவருக்குக் குழப்பம் தீரவில்லை. வெட்கம் வேறு வந்து சேர்ந்தது. இனி இங்கே நின்றால் பைத்தியம் பிடிக்கும் என்று மகளைக் கூப்பிடப் போனார்.

மதிவதனி கொட்டகைக்குப் பின்பக்கம் தனியாக நின்று பாடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பா வந்தது அவளுக்குத் தெரியாது. ராஜா தன் மகளைப் புருஷன் வீட்டுக்கு அனுப்புகிற கட்டம்.

"போ என்று வாய் சொல்லுது மகளே, கால் உன் பின்னாலே வருது."

தணிகாசலம் அப்படியே நின்றுவிட்டார்.

போன தை மாதம் பெரியவள் சாருமதிக்குக் கல்யாணம். காரில் ஏறிய மகளிடம், ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, அவர் சொன்ன வார்த்தை அது. வாழ்க்கையிலேயே அவர் மனசைத் திறந்து சொன்னது அது ஒன்றுதான். வாய்க்கு எப்படி வந்ததென்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. கேட்டவர்கள் எல்லாரும் அழுதார்கள்.

"அது நான் சொன்னது" என்றார். "என் பேச்சை எடுத்து உங்க பாட்டுல வெச்சுட்டீங்களா?"

மதிவதனி திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"இல்லப்பா. இது ரொம்பப் பழைய பாட்டு. வாத்தியாரம்மாவோட தாத்தாவே பாடினாராம்."

"நான் இதைக் கத்துக்கவே இல்லையே."

"எனக்கும் புரியலப்பா. அக்காகிட்ட நீ சொன்னப்ப, நீயா சொல்றேன்னுதான் நெனைச்சேன். இங்க வந்து பாடம் படிக்கிறப்ப இந்த வரி வந்துச்சு. அதான் ராஜா வேஷம் எனக்குத்தான் வேணும்னு கேட்டு வாங்கினேன்."

தணிகாசலம் திரும்பிப் பார்த்தார். பூங்காவனம் பின்னாலேயே வந்து நின்றிருந்தாள். கை நீண்டிருந்தது.

"அம்மா மடியில தூங்கினப்ப எடுத்தது. அதையும் வெச்சிட்டுப் போறீங்களாண்ணா?"

அவர் அந்தக் கையைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். செருப்பை அங்கேயே கழற்றிவிட்டு மண்ணில் உட்கார்ந்தார்.

"இன்னொரு தடவை சொல்லும்மா. கால்னு சொல்றப்ப குரல் நின்னுபோகணும். எனக்கு நின்னுபோச்சு."