உப்புக் கிடங்கில் முளைத்த அரசங்கன்று

பிள்ளைகளா, கடல் இப்போது இருப்பதைவிட ஒரு கூப்பிடு தூரம் தள்ளி இருந்த காலம் அது. கரையோரத்து உப்பள ஊரில் வெயில் முழுக்க உப்பு வாருவார்கள். மழை முழுக்க அதை விற்றுச் சாப்பிடுவார்கள். கிடங்கில் உப்பு நனைந்துவிட்டால் அந்த வருஷம் வீட்டு அடுப்பும் அணைந்த மாதிரிதான்.

அந்த ஊரில் அண்ணன் தம்பிகளைக் கட்டிவந்த மூன்று ஓரகத்திகள். மூத்தவள் பவளாயி, நடுவுள்ளவள் செங்கமலம், இளையவள் வேலம்மை. ஆளுக்கொரு உப்புக் கிடங்கு. மூன்றுக்கும் ஒரே கொத்தனார்தான் வெளிச்சுவர் பூசினார். ஒரு மாதம் ஊறிய சுண்ணாம்பில் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் விட்டு அரைத்த சாந்து. அரைக்கும்போது தெருவே மணக்குமாம். கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து, முகம் பார்க்கிற மாதிரி ஆக்கிவிட்டார்.

போகும்போது ஒன்றே ஒன்று சொன்னார்: "வருஷம் ஒருதரம், மழைக்கு முன்னால, சுவரைச் சுத்திப் பாத்துட்டு வாங்க தாயி."

"பூசின சுவர் எங்கே ஓடிப் போகப்போகுது?" என்று பவளாயி சிரித்தாள்.

முதல் வருஷம் மூன்று சுவரும் பளபளத்தன. இரண்டாம் வருஷம், காக்கை போட்ட எச்சத்திலிருந்து மூன்றிலும் அரசங்கன்று முளைத்தது.

பவளாயி அந்தப் பக்கமே போகவில்லை. செங்கமலம் போனாள், கன்றைக் கண்டதும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, மஞ்சள் பூசி, தினம் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினாள். வேலம்மை ஏணி வைத்து ஏறினாள். கன்றை வேர் நோகாமல் பிடுங்கி, அந்த ஓட்டையைச் சாந்தால் அடைத்தாள்.

"ஏட்டி, சாமி மரத்தையா பிடுங்குத? கை விளங்குமா?" என்றாள் செங்கமலம்.

"சாமிய உப்பு மேல உக்கார வச்சா நாக்கு வறண்டு போகாதாக்கா?" என்ற வேலம்மை, கன்றைக் கொண்டுபோய்க் குளத்தங்கரையில் நட்டாள்.

மூன்று வருஷம் போனது. அந்த ஐப்பசியில் மழை மூன்று நாள் விடவில்லை. விடிந்து பார்த்தால், பவளாயியின் சுவரில் வேர் பிளந்த வழியாகத் தண்ணீர் இறங்கி, உப்பில் பாதி கரைந்திருந்தது. செங்கமலத்துக்குச் சுவரே சரிந்து கிடந்தது. ஊற்றி வளர்த்த மரம் அல்லவா. வேலம்மையின் உப்பு மட்டும் அள்ளினால் விரலிடுக்கில் சரசரவென்று உதிர்ந்தது.

வெறும் ஓலைப்பெட்டியோடு இருவரும் அவள் வாசலில் வந்து நின்றார்கள்.

"அள்ளுங்கக்கா. மழை விட்டதும் மூணு பேருமா ஏணியத் தூக்குவோம்" என்றாள் வேலம்மை.

"சாமி கோவிச்சுக்கலையாட்டி?" செங்கமலம் மெல்லக் கேட்டாள்.

"குளத்தங்கரையில போய்ப் பாருங்க. ரெண்டு ஆள் உசரம் நிக்காரு."

அதன்பிறகு புரட்டாசி தோறும் மூவரும் ஏணியும் சாந்துச் சட்டியுமாகக் கிளம்புவார்களாம். வேலை முடிந்து அந்த அரசமர நிழலில் பழைய சோறு. அவர்கள் சிரிப்பு உப்பளம் வரை கேட்குமாம். எவ்வளவு நல்ல நாட்கள் அவை.

கண்ணுகளா, ஒன்றை நன்றாகக் கட்டுவது ஒரு நாள் வேலை, அதைக் காப்பதோ வருஷா வருஷம் போய்ப் பார்க்கிற கண்ணின் வேலை.