நாற்காலியில் மாடியேறிய இதய டாக்டர்

மதுரைப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் லிஃப்ட் கெட்டுப்போனது. அன்றிலிருந்து இதய டாக்டர் ஞானவடிவேலுவை மூன்றாம் மாடிக்கு நாற்காலியோடு சுமந்தது வார்டு ஆள் ஒச்சப்பனும் அவன் கூட்டாளியும்தான். இதய நோயாளிகளோ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியேறினார்கள்.

ஒருநாள் வேலையாட்களுக்கு உடல்தகுதிப் பரிசோதனை வந்தது. தேறாதவனுக்கு வேலை கிடையாது. ஒச்சப்பனைப் பரிசோதிக்க உட்கார்ந்திருந்தது அதே டாக்டர்தான்.

"வாக்கிங் போறியா?" டாக்டர் நிமிரவே இல்லை.

"இல்லைங்கய்யா."

"ஜிம், விளையாட்டு?"

"அதுக்கெல்லாம் ஏதுங்கய்யா நேரம்?"

நாடியைக்கூடத் தொடாமல், 'உடலுழைப்பு இல்லை, மூச்சுத்திறன் போதாது, தகுதியில்லை' என்று எழுதிவிட்டார். காலையில் தன்னைச் சுமந்த தோளைப் பார்க்காத கண்ணெல்லாம் ஒரு கண்ணா? ஒச்சப்பனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வெளியே வந்தான்.

சாயங்காலம் கீழே இறங்க டாக்டர் மூன்றாம் மாடியில் நாற்காலியில் உட்கார்ந்து, "தூக்குங்கடா" என்றார்.

ஒச்சப்பன் கையைக் கட்டிக்கொண்டான். "முடியாதுங்கய்யா. மூச்சுத்திறன் இல்லாதவன் நடுப்படியில நெஞ்சடைச்சு விழுந்தா நீங்களும் உருண்டுருவீங்க. பெரிய டாக்டர் எழுதினதை நான் மீறலாமா?"

மருந்துக்கு நின்ற நோயாளிகள் சிரித்தார்கள்.

"அது சும்மா எழுதினதுடா. நீ நல்லாத்தான் இருக்கே."

"சும்மாவா? அப்ப இவங்களுக்கும் இப்படித்தான் எழுதுறீங்களா?"

சிரிப்பு நின்றது. அத்தனை பேரும் டாக்டரையே முறைத்தார்கள். அவர் பல்லைக் கடித்தபடி, 'வார்டு வேலைக்கு முழுத் தகுதி' என்று மாற்றி எழுதிக் கொடுத்தார்.

"இப்பத் தூக்கு."

ஒச்சப்பன் தாளை மடித்துப் பையில் வைத்தான். "வார்டு வேலைக்குத்தானே எழுதியிருக்கீங்க? பல்லக்குத் தூக்க இல்லையே. படி அந்தப் பக்கம், பாத்து இறங்குங்க."