பூச்செண்டு எருமைக்கு ரெண்டு தீர்ப்பு

கோணவாய்ப்பட்டிக்காரர்கள் பொய் சொல்ல மாட்டார்கள். அதற்கெல்லாம் மூளை வேண்டுமே! அந்த ஊர்ப் பொன்னுரங்கத்தின் எருமையைத் தன்னுடையது என்று பக்கத்து ஊர்ப் பெரியதம்பி கேஸ் போட்டுவிட்டார். எருமையின் பெயர் பூச்செண்டு. அது அசைபோடுகிற சத்தம் கேட்காவிட்டால் பொன்னுரங்கத்துக்குத் தூக்கமே வராது. சம்மன் வந்த அன்றே அவன் பெண்டாட்டி சொர்ணம் கறாராகச் சொல்லிவிட்டாள்: "எருமையைத் தோத்துட்டு வந்தீங்க, வாசப்படி மிதிக்கக் கூடாது!" பாவம், மனுஷன் ஆடிப்போய்விட்டான்.

சாட்சி சொல்ல மூன்று சிநேகிதர்கள் கிளம்பினார்கள். சின்னாண்டி, காத்தமுத்து, வெள்ளையப்பன். நால்வருமாக டவுனுக்குப் போய் வக்கீல் அனந்தகிருஷ்ணனைப் பிடித்தார்கள். அவர் சட்டத்தோடு மனோதத்துவமும் படித்தவர். படித்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

"கேஸு ஜெயிக்கிறது மனசுலய்யா, மனசுல! தன்னை மாதிரி இருக்கிறவனைத்தான் எவனும் நம்புவான். அதனால ஜட்ஜ் என்ன செய்றாரோ அதையே நீங்களும் செய்யுங்க. பயந்து பேசினா உண்மைகூட பொய் மாதிரி கேட்கும். கோர்ட்டை உங்க வீடுன்னு நெனைச்சுக்கங்க. முக்கியமா, ஊர்ல ஒத்திகை பாருங்க. ஒருத்தர் ஜட்ஜு, ஒருத்தர் எதிர்க்கட்சி வக்கீல். துளி இரக்கம் காட்டக் கூடாது. நிஜக் கோர்ட்டு மாதிரியே நடக்கணும்."

"நிஜம் மாதிரியேவா?" என்றான் வெள்ளையப்பன்.

"அச்சு அசலா!"

மறுநாளே களத்துமேட்டில் கோர்ட்டு கூடிவிட்டது. வெள்ளையப்பன் கவிழ்த்துப் போட்ட அண்டாமேல் ஜட்ஜாக ஏறி உட்கார்ந்தான். சின்னாண்டி எதிர்க்கட்சி வக்கீல்.

"பூச்செண்டு உன்னுதுன்னு பூச்செண்டே சொல்லிச்சா?"

"சொல்லலையே" என்றான் பொன்னுரங்கம்.

"அது என்ன நெறம்?"

"கறுப்பு."

"பெரியதம்பி வீட்டு மத்த எருமைங்க?"

"அதுங்களும் கறுப்புதான்."

"அப்போ எல்லாம் ஒரே குடும்பம்!"

பொன்னுரங்கத்துக்கே அது நியாயமாகப் பட்டது. அண்டாவிலிருந்து தீர்ப்பு வந்தது: "பூச்செண்டு பெரியதம்பிகிட்டதான் இருக்கணும். இது கோர்ட்டு உத்தரவு!"

பொன்னுரங்கம் கோவென்று அழுதான். ஜட்ஜும் அவனைக் கட்டிக்கொண்டு அழுதார். ஆனால் இரக்கம் காட்டக் கூடாது என்று வக்கீல் சொல்லியிருக்கிறாரே! சாயங்காலமே பூச்செண்டைக் குளிப்பாட்டி, மாலை போட்டு, பெரியதம்பி வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். பெரியதம்பிக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்காவிட்டால் என்ன, கயிற்றை வாங்கிக் கட்டிக்கொண்டார். சொர்ணம் சொன்னபடியே வாசப்படி மிதிக்க விடவில்லை; அன்றிலிருந்து பொன்னுரங்கத்துக்குக் களத்துமேட்டில்தான் படுக்கை.

விசாரணை நாள் வந்தது. காத்தமுத்து கோர்ட்டுக்குள் நுழைந்ததும் சட்டையைக் கழற்றிச் சாட்சிக்கூண்டில் உலரப் போட்டான். "வாங்க வாங்க, சாப்ட்டீங்களா?" என்று ஜட்ஜை விசாரித்தான். ஜட்ஜ் முறைத்தார். நாலு பேரும் முறைத்தார்கள். ஜட்ஜ் மேஜையைத் தட்டினார். நாலு பேரும் ஆளுக்கு ஒரு பெஞ்சைத் தட்டினார்கள். ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சின்னாண்டிக்கு ஏது கண்ணாடி? எதிர்க்கட்சி வக்கீலின் மூக்கிலிருந்து உருவித் துடைத்தான். அனந்தகிருஷ்ணன் கேஸ் கட்டுக்குப் பின்னால் முகத்தை ஒளித்துக்கொண்டார்.

"எருமை இப்போ எங்கே?" என்று கேட்டார் ஜட்ஜ்.

"பெரியதம்பி வீட்டுலங்க. கேஸு தோத்துட்டேனுங்க" என்று விசும்பினான் பொன்னுரங்கம்.

"எந்தக் கோர்ட்டுலய்யா தோத்தே?"

வெள்ளையப்பன் கம்பீரமாக எழுந்து நின்றான். "என் கோர்ட்டுலங்க."

ஜட்ஜுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நாலு பேரும் கூடச் சேர்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அதற்குள் பெரியதம்பி நொண்டிக்கொண்டே கூண்டேறினார்.

"ஐயா சாமி, அது என் எருமையே இல்லைங்க! ஆசைப்பட்டுப் பொய் கேஸு போட்டுட்டேன். கிட்டப் போனாலே உதைக்குது, முழங்கால் போச்சு. இவர்கிட்டயே குடுத்துருங்க, புண்ணியமாப் போகும்!"

"அப்படின்னா எருமை பொன்னுரங்கம் வீட்டுலதான் இருக்கணும்" என்று ஜட்ஜ் தீர்ப்புச் சொன்னார். பொன்னுரங்கத்துக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய் அனந்தகிருஷ்ணனை அலாக்காகத் தூக்கிவிட்டான்.

வெளியே வந்தால் வெள்ளையப்பன் முகம் சுண்டிப்போயிருந்தது. "அப்போ என் தீர்ப்பு?"

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நாலு பேரும் யோசித்தார்கள்.

"எதை மீறினாலும் கோர்ட்டு அவமதிப்பு" என்றான் காத்தமுத்து.

"பெரிய ஜட்ஜு என்ன சொன்னாரு?" என்றான் சின்னாண்டி.

"எருமை பொன்னுரங்கம் வீட்டுல இருக்கணும்னாரு."

"நீ?"

"எருமை பெரியதம்பிகிட்ட இருக்கணும்னேன்."

பொன்னுரங்கம் துள்ளி எழுந்தான். "அட, இதுல என்னப்பா சிக்கல்!"

அன்று சாயங்காலம் வாசலில் நின்ற சொர்ணத்துக்குப் பூச்செண்டு வருவதைக் கண்டதும் கண் கலங்கிவிட்டது. ஆரத்தி எடுக்கத் தட்டோடு ஓடிவந்தாள். எருமைக்குப் பின்னால் ஒரு கயிற்றுக்கட்டில் வந்தது. ஒரு பக்கம் சின்னாண்டி, மறுபக்கம் காத்தமுத்து. கட்டிலில் பெரியதம்பி, "விடுங்கடா பாவிகளா!" என்று கத்திக்கொண்டே வந்தார்.

"எருமையை ஓட்டிட்டு வரச் சொன்னா, இவரை எதுக்குத் தூக்கிட்டு வர்றீங்க?" என்றாள் சொர்ணம்.

"ரெண்டு தீர்ப்பும் நிக்கணும்ல புள்ள!" என்றான் பொன்னுரங்கம். "கட்டிலைத் தொழுவத்துலயே போடு. பூச்செண்டை விட்டு இவரு கொஞ்சம் தள்ளிப் படுத்தாலும் வெள்ளையப்பன் ஜெயில்ல போட்டுருவான்."