கொட்டகைக்கு வெளிச்சம் வந்த விதம்

கீழச்சாலிகுளத்தில் சிவனணைந்தபெருமாள் என்று ஒருத்தர் இருந்தார். தங்கமான மனுஷன். வீட்டுக்குப் பின்னால் ஓர் ஓலைக் கொட்டகை, அதில் ஒரு வெள்ளாடு. வீட்டில் கரண்ட் உண்டு, கொட்டகையில் கிடையாது. போன தடவை ஆடு இருட்டில் குட்டி போட்டு, தெரியாமல் அதன் மேலேயே படுத்துவிட்டது. அன்றைக்கு அவர் மனைவி வடிவு சோற்றைத் தொடவில்லை. இப்போது ஆடு மறுபடியும் நிறைசினை.

"இந்தத் தடவை கொட்டகையில வெளிச்சம் இல்லேன்னா, ஆட்டோட நானும் அங்கேதான் படுப்பேன்" என்று வடிவு சொல்லிவிட்டாள்.

பெரிய விஷயங்களில் தனியாக முடிவெடுக்கும் பழக்கம் பெருமாளுக்கு இல்லை. வடிவின் அண்ணன்மார் கொம்பையாவையும் ஆவுடையப்பனையும் கூட்டிக்கொண்டு டவுனுக்குப் போனார். கடைக்காரர் சோலார் விளக்கு ஒன்றை எடுத்து வைத்தார். ஒரு தகடு, ஒரு வயர், ஒரு பல்பு. விலையும் கைக்கு அடக்கம்.

"தகட்டை வெயில்ல நல்லாக் காய வைங்க. மேலே நிழல் விழக்கூடாது. இருட்டினா பல்பு தானா எரியும். தகட்டு மேல வெளிச்சம் பட்டா தானா அணைஞ்சிரும்" என்றார்.

மறுநாள் காலையில் முற்றத்தில் வற்றலுக்குப் பக்கத்தில் தகட்டையும் காய வைத்தார்கள். ஆவுடையப்பன் அவ்வப்போது வந்து திருப்பிப் போட்டார். ஒரு பக்கம் மட்டும் காய்ந்து மறுபக்கம் ஈரமாக இருந்தால் பூசணம் பிடிக்காதா?

கொம்பையா விரலை மடக்கித் தட்டிப் பார்த்தார். "இன்னும் நீலமாத்தான் இருக்கு மாப்ளே. காஞ்சா வெளுக்கும்லா?"

அப்போது ஒரு காக்கா மேலே பறந்தது. அதன் நிழல் தகட்டின் மேல் ஓடிப் போனது. மூன்று பேருக்கும் பகீரென்றது. கொம்பையா ஓடிப் போய்க் குடையைக் கொண்டுவந்து தகட்டுக்கு மேல் விரித்துப் பிடித்தார்.

பெருமாளுக்கு ஒரு சந்தேகம். "மச்சான், குடை நிழல் விழுதே?"

"அது நம்ம வீட்டு நிழல். வெளியாள் நிழல்தான் விழக்கூடாது."

ஆவுடையப்பன் யோசித்துவிட்டுத் தலையை ஆட்டினார். "நியாயம்தான்."

நல்லவேளை, சாப்பாட்டுக்குப் பிறகு கொம்பையா அசந்து தூங்கிவிட்டார். குடை சாய்ந்தது. தகட்டில் வெயில் பட்டது அதற்கப்புறம்தான்.

சாயங்காலம் தகட்டைக் கூரையில் கட்டி, பல்பை உள்ளே தொங்கவிட்டார்கள். பல்பு நேராகத் தொங்குகிறதா என்று பார்க்கப் பெருமாள் கை நீட்டினார். ஆவுடையப்பன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ தொடாதே மாப்ளே. உன் பேர் என்ன?"

"சிவனணைந்தபெருமாள்."

"பேர்லயே அணைஞ்சது இருக்கு. நீ தொட்டா எரியுமா?"

"அது சாமி பேரு மச்சான்."

"சாமிக்கு நீ தெரியும். பல்புக்குத் தெரியுமா?"

பெருமாள் வேலிப் பக்கம் போய் நின்றுகொண்டார். சொந்தக் கொட்டகை, சொந்த விளக்கு, பக்கத்தில் போக முடியவில்லை. ஆனால் பொழுது சாய்ந்து பல்பு மினுக்கென்று எரிந்ததும் வருத்தமெல்லாம் பறந்துவிட்டது.

தகடு சரியாக இருக்கிறதா என்று பார்க்க, கொம்பையா கூரையில் டார்ச் அடித்தார். பல்பு அணைந்தது. டார்ச்சை அணைத்தார். பல்பு எரிந்தது. மறுபடி அடித்தார். மறுபடி அணைந்தது.

"கூச்சப்படுது" என்றார் ஆவுடையப்பன். "புது இடம்லா. நாம உத்துப் பாக்கக் கூடாது."

மூன்று பேரும் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள். வடிவு வந்து பார்த்துவிட்டு டார்ச்சைப் பிடுங்கிக்கொண்டு போனாள்.

மறுநாள் உச்சி வெயிலில் ஆட்டுக்கு வலி எடுத்தது. பெருமாள் ஓடிப் போய்ப் பல்பைப் பார்த்தார். எரியவில்லை.

"மச்சான்! ஆடு ஈனப் போகுது, வெளிச்சம் வரலியே!"

"இருட்டினாத்தானே எரியும்?" என்றார் கொம்பையா. "இருட்டாக்கிருவோம்."

கூரைத் தகட்டின் மேல் கம்பளியைப் போர்த்தினார்கள். ஓலை இடுக்கிலெல்லாம் வைக்கோலைத் திணித்தார்கள். வாசலில் சாக்கு கட்டும்போது ஆடு குறுக்கே நின்றது. "ஒரு நிமிஷம் வெளியே கட்டு மாப்ளே" என்றார் ஆவுடையப்பன். பெருமாள் அதை வேப்பமரத்தடியில் கட்டிவிட்டு ஓடி வந்தார். கடைசிச் சாக்கையும் உள்ளிருந்து இழுத்துக் கட்டியதும் கொட்டகை கும்மிருட்டானது. பல்பு பளிச்சென்று எரிந்தது.

பெருமாளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மூன்று பேரும் வியர்வை வழிய உட்கார்ந்து, ஆடு குட்டி போடக் காத்திருந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் வெளியே வடிவின் குரல் கேட்டது. "என்னங்க! உள்ளே என்ன பண்ணுதீக? ஆடு மரத்தடியில ரெண்டு குட்டி போட்டிருக்கு!"

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"விளக்கு இங்கே இருக்கு. அங்கே எப்படிப் போட்டுச்சு?" என்றார் ஆவுடையப்பன்.

"உத்தேசமாப் போட்டிருக்கும்" என்றார் கொம்பையா.

பெருமாள் வெளியே ஓடினார். கொளுத்துகிற வெயிலில் இரண்டு குட்டிகள் தள்ளாடி எழுந்து நின்றன. இரண்டையும் அள்ளி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருட்டுக் கொட்டகைக்குள் வந்தார். பல்புக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார்கள். ஒன்று கிடா, ஒன்று பெட்டை. அதற்கப்புறம்தான் அவருக்கு மூச்சே வந்தது.

"நமக்குத் தெரிஞ்சு போச்சு" என்றார் ஆவுடையப்பன். "பெத்தவ இன்னும் வெளிச்சத்துல பாக்கலியே, பாவம்."

அவர் சொல்வதும் சரிதான் என்று, மூன்று பேருமாகப் போய் ஆட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.