முகூர்த்த நாளில் பஸ் ஓட்டுவது யார்?

பன்னிரண்டு பஸ் ஓடும் கம்பெனியில் டிரைவர், கண்டக்டர் எல்லாருமே மேனேஜர் குலசேகரத்தின் சொந்தக்காரர்கள். வெளியாட்களையும் பெண்களையும் எடுக்கச் சொன்னார் முதலாளி.

"ஊரெல்லாம் தேடிட்டேன், தகுதியான ஆளே இல்லைங்க."

பஸ் கழுவிக்கொண்டிருந்த வெள்ளத்தாயி சிரித்துவிட்டாள்.

மேனேஜர் சீறினார். "எங்க ஆளுங்ககிட்ட ஒரு குறை சொல்லு பார்ப்போம். இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே."

"எல்லாம் தங்கமான ஆளுங்கய்யா. ஆவணியில உங்க பொண்ணு கல்யாணமாமே, எல்லாரும் போவாங்களா?"

"மாமன் மச்சான் இல்லாம கல்யாணமா?"

"அன்னிக்கு முகூர்த்தக் கூட்டம் அள்ளுமே, பஸ்ஸை யாருய்யா ஓட்டுவா?"

முதலாளி காபியைக் கீழே வைத்தார். மறுநாளே 'டிரைவர், கண்டக்டர் தேவை' என்று தெருத்தெருவாக நோட்டீஸ் ஒட்டினார்கள். ஷெட் வாசலில் நின்ற நீண்ட வரிசையில் வெள்ளத்தாயியும் நின்றாள்.

கல்யாணத்தன்று பன்னிரண்டு பஸ்ஸும் ஓடின. மாப்பிள்ளை வீட்டாரை மண்டபத்து வாசலில் இறக்கிவிட்டு, கண்டக்டர் வெள்ளத்தாயி விசில் ஊதினாள்.

"போலாம், ரைட்."