மேக்க பாரு

அந்த ஆசிரமத்தில் குருவைவிடச் சீடருக்கு வயது அதிகம். சீடர் தில்லைநாயகம் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, அப்பாவையும் பறிகொடுத்த பிறகு வந்து சேர்ந்தவர். குரு அவரை ஊர் வழக்கப்படி அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். அவர் குருவைச் சாமி என்பார். மரியாதைக்கு இரண்டு பக்கமும் குறைவில்லை.

குறைவெல்லாம் உட்காருவதில்தான். தியானத்துக்குக் கண்ணை மூடச் சொன்னால் தில்லைநாயகம் மூடுவார். மணியோசை அடங்குவதற்குள் எழுந்துவிடுவார். வாசலுக்குப் போவார், குழாயைத் திறந்து முகம் கழுவுவார், திரும்பி வந்து பாயை உதறிப் போடுவார். மற்றவர்கள் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொள்வார்கள். மனுஷர் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார் என்று சமையல்கட்டில் பேச்சு.

ஒரு காரியத்தில் மட்டும் அவர் தவறியதில்லை. குளித்து வந்ததும் தன் அறையிலுள்ள அப்பாவின் படத்துக்குச் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்து, மாலை போட்டுவிடுவார். பிறகு யார் அகப்பட்டாலும் உட்காரவைத்து அப்பாவைப் பற்றிச் சொல்வார். அப்பா பெயர் வடமலை. பொய்யே சொல்லாத மனுஷர். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாதவர். துக்கம் கேட்க வந்த ஊரார் சொன்னதெல்லாம் இவர் வாயில் அச்சுப் பிசகாமல் வரும்.

ஒரு நாள் காலைப் பூசை முடிந்ததும் குருவிடம் வந்து நின்றார். குரு உட்காரச் சொன்னார். உட்காரவில்லை.

“சாமி, எங்கப்பா குரல் எனக்கு மறந்து போச்சு. தெனமும் அவரத்தான் நெனைக்கேன். ஆனா அவரு எப்படிப் பேசுவாருன்னு யோசிச்சா, காதுல ஒண்ணும் விழ மாட்டேங்கு. பயமா இருக்கு.”

சொல்லும்போதே தோள் துண்டை முறுக்கினார், பிரித்தார், மறுபடி முறுக்கினார். அப்பாவைச் சுடுகாட்டில் கொண்டுபோய்ச் சேர்த்த அன்றுகூட இப்படி வலிக்கவில்லை என்றார். இப்போதுதான் அவர் நிஜமாகவே போய்க்கொண்டிருக்கிறார், என்னால் பிடித்து நிறுத்த முடியவில்லை என்றார்.

குரு அந்தப் படத்தைக் கொண்டுவரச் சொன்னார்.

வந்த படத்தில் மாலை இருந்தது. முகம் இருக்கவேண்டிய இடத்தில் சந்தனம் இருந்தது. பழையதைத் துடைக்க மனம் வராமல் அதன்மேலேயே தினமும் வைத்து வைத்து, நெற்றியிலிருந்து புருவம் தாண்டி மூக்குவரை சுண்ணாம்புச் சுவர் மாதிரி காய்ந்து இறங்கியிருந்தது. மீதியைச் சாம்பிராணிப் புகை பார்த்துக்கொண்டது. தெரிந்ததெல்லாம் ஒரு தாடையும் சட்டைக் காலரும்தான்.

குரு ஈரத் துணியை எடுத்து அழுத்தித் துடைத்தார். தில்லைநாயகம் பதறிக் கையை நீட்டினார். அதற்குள் படத்தின் கண்ணாடி துலங்கிவிட்டது. கேமராவைப் பார்க்காமல் ஓரமாக எங்கேயோ பார்க்கும் கண்கள். சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கும் வாய்.

“என்ன அண்ணாச்சி, அப்பா திருட்டு முழி முழிக்காரு?” என்றார் குரு.

தில்லைநாயகத்துக்குச் சுருக்கென்றது. படத்தைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு அறைக்குப் போனார். வேட்டியையும் படத்தையும் பையில் திணித்து, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். அங்கேயும் நிற்க முடியவில்லை. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். படத்தை வெளியே எடுத்துப் பார்த்தார், உள்ளே வைத்தார், மறுபடி எடுத்தார். அப்பா ஓரக்கண்ணால் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். இவரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை.

பஸ் வந்தது. அவர் ஏறவில்லை.

திரும்பி வந்தபோது குரு சமையல்கட்டு வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தில்லைநாயகம் படத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, யாரும் சொல்லாமலே உட்கார்ந்தார்.

“தாயம் ஆடுவாரு சாமி,” என்றார். “தோக்கப் போற நேரத்துல இப்படித்தான் முழிப்பாரு.”

பிறகு நிறுத்தாமல் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் அப்பாவும் மகனும் தரையில் கரியால் கட்டம் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். தன் காய் வெட்டுப்படப் போகிறது என்று தெரிந்தால் அப்பா மேற்கே கையைக் காட்டி, வானம் கறுத்துவிட்டது, மழை வருகிறது என்பார். மகன் திரும்பிப் பார்த்துவிட்டு வருவதற்குள் காய் ஒரு கட்டம் தள்ளி, வெட்ட முடியாத கட்டத்தில் போய் உட்கார்ந்திருக்கும். கேட்டால், முதலிலிருந்தே அங்கேதான் இருந்தது என்று சத்தியம் செய்வார். கடைசிவரை அவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. பொய்யே சொல்லாத மனுஷர்.

குரு கீரையை ஒதுக்கிவிட்டு, அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்துவந்து தரையில் கட்டம் போட்டார். ஒரு பக்கம் தேய்த்த புளியங்கொட்டைகள் தாயக்கட்டையாயின.

“அப்பா ஆடின மாதிரி ஆடுங்க அண்ணாச்சி,” என்றார்.

ஆடினார்கள். குரு விட்டுக்கொடுத்து ஆடுகிறவர் இல்லை. கொஞ்ச நேரத்தில் தில்லைநாயகத்தின் கடைசிக் காயை விரட்டிக்கொண்டு வந்து பின்னாலேயே நின்றார். இன்னும் ஒரு போடு போட்டால் வெட்டு. எந்நேரமும் ஆடிக்கொண்டிருக்கும் தில்லைநாயகத்தின் முழங்கால் அசையாமல் நின்றது.

“ஏல, மேக்க பாருல, மானம் கறுத்துட்டு வருது!”

சமையல்காரர் கரண்டியோடு எட்டிப் பார்த்தார். குருவை யாரும் அங்கே ‘ஏல’ என்று கூப்பிட்டதில்லை. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. குரு மேற்கே திரும்பி, கண்ணுக்கு மேலே கையை வைத்து, நிதானமாக வானத்தைப் பார்த்தார்.

திரும்பியபோது காய் ஒரு கட்டம் நகர்ந்திருந்தது. தில்லைநாயகம் தன் தொண்டையைக் கையால் பிடித்துக்கொண்டிருந்தார். கண்ணீர் தாடையில் இறங்கிக் கட்டத்தில் சொட்டியது. அப்பாவின் அதே கரகரப்பு, கடைசி வார்த்தையை அதே மாதிரி இழுக்கிற இழுப்பு. அவர் அதைக் கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

“சாமி, இந்தக் களவாணித்தனத்த நாந்தான் முன்னமே சொல்லிட்டேனே. தெரிஞ்சும் எதுக்குத் திரும்பிப் பாத்தீங்க?”

குரு புளியங்கொட்டைகளைப் பொறுக்கி அவர் கையில் கொடுத்தார்.

“நான் திரும்பலேன்னா, அப்பா எப்படி அண்ணாச்சி காயை நகத்துவாரு?”