துப்பிவிட்டுப் போனவள்

கோதண்டபாணி ஒயின் சுவைக்கூடத்தின் கதவை அறைந்து சாத்தினார். பீப்பாய்கள் இருக்கும் நிலவறைக்குத் தடதடவென்று இறங்கினார்.

மேரியம்மா அங்கே ஒரு பீப்பாயைக் கழுவிக்கொண்டிருந்தார். அந்த மலையடிவாரத்தில் திராட்சைத் தோட்டம் போட்டு, ஒயின் வடித்து, தேடி வருகிறவர்களுக்குச் சுவைக்கக் கொடுப்பவர் அவர்தான். கோதண்டபாணி அவரைவிடப் பத்து வயது மூத்தவர். பெரிய ஹோட்டல்களில் காலமெல்லாம் பரிமாறியவர். ஆனாலும் உபசரிப்பை முதலிலிருந்து கற்க வேண்டும் என்று மேரியம்மாவிடம் மாணவராகச் சேர்ந்திருந்தார்.

"இனிமே நான் மேல நிக்க மாட்டேம்மா. மரியாதை தெரியாதவங்களுக்கெல்லாம் என்னால ஊத்திக் குடுக்க முடியாது."

"யார் வந்தாங்க?"

"ரெண்டு பொம்பளைங்க. அக்கா தங்கச்சி. அக்காவுக்குப் பிறந்தநாளாம். டவுன்லேருந்து பஸ் பிடிச்சு வந்திருக்காங்க. நானும் நல்லபடியா வாழ்த்துச் சொல்லி, ஜன்னலோரம் உட்கார வச்சு, சிவப்பு ஒயினை ஊத்தினேன். தங்கச்சிக்காரி ஒரு வாய் வச்சா. வச்ச வேகத்துல துப்பிட்டா!"

"தரையிலயா?"

"கிண்ணத்துலதான்."

"கிண்ணம் துப்பறதுக்குத்தானே வச்சிருக்கோம்?"

"அதுக்கு ஒரு முறை இருக்கும்மா! மெதுவா, கைக்குட்டையை வச்சிக்கிட்டு. இவ 'தூ'ன்னு துப்பறா. கூடம் முழுக்க ஆளுங்க. 'அக்கா, குடிக்காதே, புளிச்சுப் போச்சு'ன்னு சத்தமா வேற சொல்றா. நீங்க ரெண்டு வருஷம் கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திப் பாத்து வடிச்ச ஒயினை!"

மேரியம்மா பீப்பாய்க்குள் கையை விட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"விளக்கிச் சொன்னேன்."

"என்னன்னு?"

கோதண்டபாணி சற்றுத் தயங்கினார். "ஒயின் பழக்கமில்லாதவங்களுக்கு இதோட ருசி பிடிபடாதும்மா, கீழ ரோட்டுல ஜூஸ் கடை இருக்கு, உங்களுக்கு அதுதான் சரிப்படும்னேன்."

மேரியம்மாவின் கை நின்றது.

"மத்தவங்க?"

"சிரிச்சாங்க."

"அந்த அக்கா?"

"கிளாசைக் கீழ வச்சிட்டு எந்திரிச்சிட்டாங்க. தங்கச்சி கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. கண்ணு கலங்கின மாதிரி இருந்தது." பிறகு அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். "ஆனா அதே பாட்டில்லதாம்மா அதுக்கு முன்னால ஒரு கூட்டமே குடிச்சுது. அத்தனை பேரும் 'சூப்பர்'னாங்க. ஒருத்தர்கூட முகம் சுளிக்கலை. நீங்களே சொல்லுங்க. இந்த மாதிரி ஆளுங்களை எப்படித்தான் சகிச்சுக்கறது?"

மேரியம்மா கையைத் துடைத்துக்கொண்டார்.

"அந்தப் பாட்டிலை எடுத்துட்டு வாங்க."

கொண்டுவந்தார். அடியில் கொஞ்சம் மிச்சமிருந்தது. மேரியம்மா ஒரு கோப்பையைக் கழுவித் துடைத்து, அந்த மிச்சத்தை அவரே ஊற்றி, இரண்டு கையாலும் கோதண்டபாணியிடம் நீட்டினார்.

"சாப்பிடுங்க. இன்னிக்கு நீங்க என் விருந்தாளி."

கோதண்டபாணி முறைப்படி கோப்பையைச் சுழற்றினார். ஒரு வாய் குடித்தார். அவர் தொண்டை ஒரு முறை ஏறி இறங்கியது. கண்ணோரம் சுருங்கியது. கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார்.

"எப்படி இருக்கு?"

"நல்லா... நல்லா இருக்கும்மா."

மேரியம்மா கோப்பையை மறுபடி அவர் பக்கம் நகர்த்தினார். "அப்ப முழுசும் குடிங்க."

கோதண்டபாணி கோப்பையைத் தொடவில்லை.

"ஊத்தறதுக்கு முன்னால மோந்து பாத்தீங்களா?"

"இல்லைம்மா. கூட்டமா இருந்தது."

"இப்ப சொல்லுங்க. எப்படி இருக்கு?"

"காடி." தலை குனிந்தபடி சொன்னார். "சுத்தக் காடி."

"ஏன் முழுங்கினீங்க?"

"உங்க கையால ஊத்திக் குடுத்தீங்க. நேருக்கு நேர் நின்னு பாத்துக்கிட்டு இருக்கீங்க. எப்படித் துப்பறது? உங்க மனசு கஷ்டப்படுமே."

"'சூப்பர்'னு சொன்னவங்களும் அப்படித்தான் முழுங்கியிருப்பாங்க. வாயைத் துடைச்சிக்கிட்டு, உங்க மனசு கஷ்டப்படாம ஒரு வார்த்தை சொல்லிட்டு, காரைக் கிளப்பிக்கிட்டுப் போயிருப்பாங்க." மேரியம்மாவின் குரல் இப்போதுதான் உயர்ந்தது. "கெட்டுப்போனதை ஊத்தினது நாம. அதை அக்கா குடிச்சிடக் கூடாதுன்னு பதறினவளைப் பாத்து, ஊரே சிரிக்க வச்சிருக்கீங்க! அதுவும் அவ அக்கா பிறந்தநாள்ல!"

கோதண்டபாணியின் முகம் வெளுத்துப்போனது. படிக்கட்டுப் பக்கம் திரும்பினார்.

"பஸ் இன்னும் வந்திருக்காது" என்றார். "நான் போய் மன்னிப்புக் கேக்கறேன். நல்ல பாட்டிலா ஒண்ணு கொண்டுபோய்க் குடுக்கட்டுமா?"

"பாட்டில் வேண்டாம். கையை வீசிக்கிட்டுப் போங்க."

இரண்டு படி ஏறியவர் திரும்பினார்.

"நடு ரோட்டுல வச்சுத் திட்டினாங்கன்னா?"

"நின்னு கேளுங்க. அவங்களும் வருத்தத்தை முழுங்கிட்டு 'பரவாயில்ல சார்'னு சிரிச்சிட்டா என்ன பண்ணுவீங்க, அதை யோசிச்சிக்கிட்டே போங்க."